உன் ராஜா இறங்கி எங்கே போவான்?

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ எழுதி அனுப்பிய நாவல் கட்டு வந்து சேர்ந்தது. இங்கே புதுச் செய்தி அதிகமில்லை. வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு மாற்றுகிற வேலை இன்னும் பேச்சளவில்தான். பங்காளிகள் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், கையெழுத்துகள் சேர்ந்தபாடில்லை.

சரி, நாவலுக்கு வருகிறேன். உன் கற்பனை ராஜ்யத்தின் உப்பளமும் துறைமுகமும் வரி தண்டுகிற மணியக்காரனும் கண்ணெதிரே நிற்கிறார்கள். ஆனால் பட்டம் கட்டிய அன்றே இளவரசன் சபையைக் கூட்டி, இனி ஆட்சி உங்களுடையது என்று அறிவிக்க, எல்லோரும் கண்ணீர் விடுகிறார்களே, அதை நம்ப முடியவில்லை. ரத்தம் சிந்தாமல் மாற வேண்டும் என்ற உன் ஆசை எனக்கும் உண்டு. அவன் நல்லவன் என்பது மட்டும் அதற்குப் போதாது. அவனுடைய சேனாதிபதியும் நல்லவனா? உப்பு வரியில் பங்கு வாங்கும் சிற்றரசர்கள்?

செட்டிநாட்டுப் புத்தி முதலில் பேரேட்டைத்தான் புரட்டும். பிரான்சில் பதினாறாம் லூயி 1789ல் பிரதிநிதிகளைக் கூட்டியது மனம் இளகி அல்ல, கஜானா காலியாகி. அதற்கு முன் அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614ல். 175 வருஷம் உட்கார்ந்து பேசிப் பழகாதவர்கள், கடன் கழுத்துக்கு வந்த பிறகு பேச ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் 1649ல் ஒரு ராஜாவின் தலை போனது. 1688ல் இன்னொருவர் நாட்டை விட்டே ஓடினார். அப்புறம்தான், சபை சம்மதிக்காமல் பட்டாளத்துக்குச் சம்பளம் போட முடியாது என்ற நிலை வந்தது. ரஷ்யாவில் ராஜா நிக்கோலஸ் 1905ல் சபை தருவதாக வாக்குக் கொடுத்தார். மறு வருஷம் கூடிய சபையை மூன்று மாசம்கூட விட்டுவைக்காமல் கலைத்தார். 1917ல் புரட்சி வந்து அவர் பட்டமே போனது உனக்கே தெரியும். ஒன்றும் கொடுக்காதவனைவிடக் கொடுத்துப் பிடுங்குகிறவன் மேல்தான் ஜனங்களுக்குக் கோபம் அதிகம்.

நீ பூட்டானைக் காட்டுவாய். காட்டு. அந்த ஊர் ராஜா ஜிக்மே சிங்யே வாங்சுக் 1998லேயே நிர்வாகத்தை மந்திரிசபையிடம் விட்டார். அரசியல் சாசன வரைவை மாவட்டம் மாவட்டமாக எடுத்துப்போய் ஜனங்களிடம் பேசினார். 2006ல் மகனுக்குப் பட்டம், 2008ல் தேர்தல். பத்து வருஷ வேலையை உன் ஆள் ஒரு மத்தியானத்தில் முடிக்கிறான்!

அவ்வளவு தூரம் ஏன், புதுக்கோட்டையைப் பார். ராயவரமும் அரிமளமும் அந்தச் சமஸ்தானத்து ஊர்கள்தானே. 1948 மார்ச்சில் ராஜகோபாலத் தொண்டைமானின் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. வெட்டுக்குத்து எதுவும் இல்லை. முட்டுக்கொடுத்த வெள்ளைக்காரன் போய்விட்டான், தில்லியில் பட்டேல், எதிர்த்து நிற்க வழியில்லை. அதே சமயம் இறங்கி வர ஒரு படி இருந்தது: மானியம் உண்டு, பட்டம் உண்டு, குடும்பச் சொத்து உண்டு. கொடுத்த வாக்கை மீறி மானியத்தையும் பட்டத்தையும் 1971ல் சாசனத் திருத்தம் போட்டு எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. எனக்கு அந்தப் பின்கதைதான் ருசி. வாக்குத் தவறியபோது கோபப்படவாவது எந்த ராஜாவிடம் படை இருந்தது? புது அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ். பட்டா விஷயமாகப் போயிருந்தேன். மனு எழுதிக் கொடுப்பவர் முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, "ஐயா, தகப்பனார் பேரு சொல்லுங்க" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜா பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

ஆகவே உன் ராஜாவுக்கு இறங்கிப் போக ஓர் இடம் வை. சேனாதிபதிக்கு அடுத்த மாசச் சம்பளம் யார் தருவார் என்று எழுது. சிற்றரசர்களை உப்பு வரிக்காகச் சபையில் சண்டை போட விடு. நாலைந்து அத்தியாயம் அசிங்கமாகப் பேரம் நடக்கட்டும். கலகம் வெடித்துவிடுமோ என்று வாசகன் பயப்பட வேண்டும். அந்தப் பயம் இல்லாமல் எந்தச் சிற்றரசன் விட்டுக்கொடுப்பான்?

ராஜமாதாவை மட்டும் குறைத்துவிடாதே. கஜானா சாவிக்கொத்தைத் தர மாட்டேன் என்று இடுப்பில் செருகிக்கொள்கிறாளே, அந்தப் பக்கத்தில்தான் உன் ராஜ்யம் எனக்கு நிஜமாகத் தெரிந்தது. அவளிடம் சாவியை எப்படி வாங்குகிறார்கள் என்று நீ சொல்லவே இல்லை. தையில் பிள்ளையார்பட்டிக்கு வரும்போது அந்த அத்தியாயத்தையாவது எழுதிக் கொண்டுவா.

உன்
முத்து