முகம் உப்பினால் இன்ஹேலரையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவரின் முகம் உப்பி வயிறு பெருத்தால், 'கொழுப்பு இடம் மாறியிருக்கிறது, மாத்திரையின் பக்கவிளைவு' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், பழைய மருந்துகளால் கொழுப்பு இடம் மாறியவர்களுக்குப் பெரும்பாலும் கன்னம் ஒட்டித்தான் போகும். கன்னம் உருண்டு, லேசாக இடித்தாலே தோல் கன்றி, வயிற்றில் ஊதா வரிகள் விழுந்து, கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் உடலில் ஸ்டீராய்டு மிகுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

'ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, மூட்டில் போட்ட ஊசி, தோல் களிம்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இவற்றிலுள்ள புளூட்டிகசோன், பியூடசோனைடு, டிரையாம்சினோலோன் போன்றவற்றைக் கல்லீரலின் ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. எச்.ஐ.வி. மருந்துகளின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கப்படும் ரிட்டோனவிரும் கோபிசிஸ்டாட்டும் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. அட்டாசனவிர், டாருனவிர், லோபினவிர் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகளோடு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று சேர்ந்தே வரும். நுரையீரலுக்கென்று உறிஞ்சிய சிறு அளவு இரத்தத்தில் தேங்குகிறது. டிரையாம்சினோலோன் ஒரே ஒரு ஊசியே பல வாரங்களுக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூங்க வைத்துவிடும்.

ஆள் பார்க்க ஸ்டீராய்டு மிகுந்தவர் போலிருப்பார். காலை 8 மணிக்கு இரத்தத்தில் பார்க்கும் கார்டிசாலோ, அதாவது அந்தச் சுரப்பியின் சொந்த ஸ்டீராய்டோ, அடிமட்டத்தில் இருக்கும். ஆய்வகத் தவறு என்று அதை ஒதுக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டை கார்டிசால் பரிசோதனை பெரும்பாலும் காட்டாது. சொந்தச் சுரப்பு நின்றுபோனதை மட்டுமே காட்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சுரப்பி வேலை செய்யவில்லை என்றே கொள்ளலாம்.

அடுத்த சறுக்கல், பதறிப்போய் இன்ஹேலரை நிறுத்துவது. ரிட்டோனவிரை மட்டும் மாற்றினாலும் இதே ஆபத்து உண்டு: நொதி மீண்டும் வேலை செய்யும், தேங்கிய ஸ்டீராய்டு வடியும், சுரப்பியோ இன்னும் விழித்திருக்காது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரும், உயிருக்கே ஆபத்து. எனவே கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். வழக்கமாக நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், பிரித்துத் தரலாம். ரிட்டோனவிர் தொடர்ந்தால் இதுவும் உடலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் அளவைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் 100 மில்லிகிராம் ஊசி. சுரப்பி விழிக்கப் பல மாதங்கள் பிடிக்கலாம்.

மாற்று வழிகள் கைக்கெட்டியவைதான். இன்ஹேலர் தேவைப்படுவோருக்கு பெக்ளோமெத்தசோன் இந்த வம்பில் அவ்வளவாகச் சிக்காது. எச்.ஐ.வி. மருந்துகளில் டோலுடெக்ராவிர் அந்த நொதியை முடக்குவதில்லை. காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் கதை தலைகீழ்: அது ஹைட்ரோகார்டிசோனை வேகமாகச் சிதைக்கும், அளவைக் கூட்ட வேண்டிவரும்.

இப்படிக்கு,
நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சிலர்