குழாய்க்கும் குல்லாய்க்கும் கொடுத்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இப்போது நான்கு பபிள் சிபாப் கருவிகள் ஓடுகின்றன; மூச்சுவிடத் திணறும் குழந்தையின் மூக்குவழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பவை இவை. அறுபதாம் கல்யாணத்தில் வந்த மொய்ப்பணத்தை அப்படியே எழுதிக் கொடுத்த குடும்பத்துக்கும், மகமைக் கணக்கிலிருந்து ஒதுக்கிய காரைக்குடிக் கடைக்காரர்களுக்கும், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தபடி ஊர் வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டியவர்களுக்கும், பெயர் போடவே கூடாது என்று சொல்லிவிட்ட தேவகோட்டை ஆச்சிக்கும் முதலில் கைகூப்புகிறோம்.

கருவி வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். பெட்டியின் மேல் உபயம் எழுத இடம் இருக்கிறதே! மூக்குத் துளைகளில் வைக்கும் பிராங் என்ற சின்ன இரட்டைக் குழலிலும் தலையில் போடும் குல்லாயிலும் யார் பெயரை எழுதுவது? நீங்கள் என்ன மாடல் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்பே, வாங்கினால் எதனால் நின்றுபோகும் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கான பதிலும் செலவுக் கணக்கும் ஒன்றுதான்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் காற்றறைகள் நனைந்த பாலிதீன் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் மறுபடி பிரித்தாக வேண்டும். விலா உள்வாங்கும், குழந்தை முனகும். அந்த முனகல், உள்ளே கொஞ்சம் காற்றை அடைத்து வைத்துக்கொள்ளக் குழந்தை தானாகச் செய்யும் முயற்சி. அதே வேலையைத்தான் சிபாப் வெளியிலிருந்து செய்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் 20 குழந்தைகளுக்கு இந்த முறையைக் கையாண்டு 1971-ல் வெளியிட்டார்கள். 16 குழந்தைகள் பிழைத்தன.

தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டியதில்லை. காற்றும் ஆக்சிஜனும் பிளெண்டரில் கலந்து, நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் வரை, ஹியூமிடிஃபையரில் சூடும் ஈரமும் ஏறி மூக்குக்கு வருகிறது. திரும்பிப் போகும் குழாயின் நுனி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். 5 செ.மீ. ஆழம் என்றால் 5 செ.மீ. நீரழுத்தம். உலை கொதிப்பதுபோலக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தில் பெரும்பகுதி பிராங்குக்குப் போயிருக்கிறது. நாங்கள் வாங்கும் வகையில் 0 முதல் 4 வரை ஐந்து அளவுகள். மூக்குத் துளை நிறைய வேண்டும், ஆனால் துளையின் ஓரம் வெளுக்கக் கூடாது. சிறியதாக இருந்தால் காற்று கசிந்து குமிழி நின்றுவிடும். குமிழிக்காக உள்ளே தள்ளி அழுத்தினால், இரு துளைக்கும் நடுவில் உள்ள சுவர் முதலில் சிவந்து, பிறகு கறுத்துப் புண்ணாகும். பிராங்குக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும். அலமாரியில் ஒரே அளவு மட்டும் இருந்தால், இருப்பதை வைத்து ஒப்பேற்றத்தான் தோன்றும். ஐந்து அளவையும் கையிருப்பில் வைக்க வழி செய்தீர்கள்.

குல்லாய் தைத்துத் தந்த தையல்காரர்களுக்குத் தனி நன்றி. குல்லாய் நழுவினால் குழாய் நழுவும். குழாய் நழுவினால் பிராங் மூக்கைத் திருகும். புருவத்துக்கு மேலும் காதை மூடியும் பனியன் துணியில் நீங்கள் தைத்தது அப்படியே நிற்கிறது. குழாயைப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டையைக் கன்னத்துக்கு நேராக வைத்தது உங்கள் யோசனை. நாங்கள் காதுக்கு மேலே கேட்டிருந்தோம், தவறு எங்களுடையது.

தண்ணீர் விஷயமும் சொல்ல வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் ஹியூமிடிஃபையருக்கு ஆகாது. ஸ்டெரைல் வாட்டர் மட்டுமே; வேறு எதை ஊற்றினாலும் உப்புப் படியும், கிருமியும் சேரும். தண்ணீர் வற்றிப்போனால் உலர்ந்த காற்று போய்ச் சளி இறுகி பிராங்கை அடைக்கும். வினோதம் என்னவென்றால், பிராங் அடைத்தாலும் பாட்டிலில் குமிழி வரும். காற்று மூக்கைத் தொடாமலே சுற்றிப் போய்விடும். ஆகவே பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது. குழந்தையின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். குழாயில் கோத்த நீர் பாட்டிலுக்குள் வடிந்து சேரும், 5 செ.மீ. அழுத்தம் சத்தமில்லாமல் 7 ஆகும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளவுகோல் வைத்துப் பார்க்கிறோம். வயிறு உப்பாமலிருக்க வாய்வழியாக ஒரு குழாய், மேல்முனை திறந்தபடி.

காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸருக்குத் தனி மின்லைன் இழுத்து, ஜெனரேட்டரோடு இணைத்துக் கூலி வாங்காமல் போன எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு: மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கும் கரன்ட்டைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது என்று நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று. கம்ப்ரஸர் நின்றால் பிளெண்டர் விசிலடித்துவிட்டு முழு ஆக்சிஜனையே அனுப்பும். குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்கு அது விஷம் மாதிரி. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம், 90-லிருந்து 95-க்குள் நிற்க வேண்டும். 100 காட்டினால் ஆக்சிஜனைக் குறைத்தாக வேண்டும். பெற்றோர் பலரும் 100-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

108 ஓட்டுநர்களுக்கும், நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்த ஆத்தாமார், ஆயாக்களுக்கும் நன்றி.

ரசீதுகளும் இருப்புப் பதிவேடும் பிரிவு அலுவலகத்தில் இருக்கின்றன, எந்த நாளும் வந்து பார்க்கலாம். 1-ஆம் எண் பிராங்தான் சீக்கிரம் தீர்கிறது. அடுத்த பணத்தில் அதையே முதலில் வாங்குகிறோம். தையல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய குல்லாய் போதுமான அளவு இருக்கிறது. இனி தலைச்சுற்று 24 முதல் 26 செ.மீ. வரை உள்ள பொடிசுகளுக்குத் தையுங்கள், வெள்ளைத் துணியிலேயே. ரத்தமோ சளியோ பட்டால் உடனே தெரியும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியரும் மருத்துவர்களும்