இருபதுக்கு ஆறு: கேளிக்கைப் பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

அடுத்த சீசனுக்கான உங்கள் அறிவிப்பு போன வாரம் வந்து சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் மறுபடியும் ஏறுகிறது. கூடுதல் பணம் கட்டியவர்கள் முந்திச் செல்லும் விரைவு வரிசை இன்னும் பல ரைடுகளுக்கு வருகிறது. ‘உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம்’ என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்தது. யாருடைய நேரத்தை எடுத்து யாருக்கு மிச்சப்படுத்துகிறீர்கள் என்பதை, போன விடுமுறையில் என் மகளோடு உங்கள் சாதாரண வரிசையில் நின்றபோது பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அந்த நாளில் எங்களுக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது. உங்கள் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருஷ ஆசை. முன்பு இரண்டு முறை உயரம் போதாது என்று அளவுகோல் அருகிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அது பாதுகாப்புக்கான விதி. வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மாதாமாதம் அளந்து பார்ப்பாள். இந்த முறை அளவுகோலைத் தாண்டிவிட்டாள். அங்கே நின்ற பணியாளர் சிரித்துக்கொண்டே அவள் கையில் தட்டி உள்ளே அனுப்பினார். அவருக்கு நன்றி.

வரிசையின் முகப்பில் இருந்த பலகை 60 நிமிடம் என்றது. ஒரு மணி நேரம் கழித்தும் நாங்கள் பாதி வழியில்தான் நின்றோம். இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் உட்கார இடமில்லை. நடுவில் வெளியேறுவதும் எளிதில்லை. அப்போதுதான் அவள் என் காதருகே வந்து, “அம்மா, பாத்ரூம் போகணும்” என்றாள்.

பக்கத்தில் நின்ற பணியாளரிடம் கேட்டேன். கல்லூரி வயதுப் பையன். “வெளியே போனா மறுபடியும் கடைசியிலதான் மேடம் நிக்கணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ரூல்ஸ் அப்படி” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவன் முகமே வாடிப்போயிருந்தது. மகளைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். “பரவால்லம்மா, அடக்கிக்கிறேன்” என்றாள்.

அவள் கவனத்தைத் திருப்ப, பூங்கா வரைபடத்தையும் ஒரு பேனாவையும் கையில் கொடுத்தேன். அதற்குள் இரண்டு வரிசைகளும் ஒன்று சேரும் இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் எங்கள் வரிசை, மறுபக்கம் விரைவு வரிசை. நடுவில் ஒரு சங்கிலி. பணியாளர் அந்தப் பக்கம் சங்கிலியைத் திறந்தால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் திறந்தால் உடனே மூடினார். அவளாகவே எண்ணத் தொடங்கினாள். வரைபடத்தின் பின்பக்கத்தில் கோடு கிழித்துக் கிழித்து எண்ணினாள். இருபது பேர் அங்கிருந்து, ஆறு பேர் இங்கிருந்து. மறுபடி இருபது, மறுபடி ஆறு.

“அவங்கல்லாம் நமக்கு முன்னாடியே வந்தவங்களா அம்மா?”

“இல்லடா. அவங்க கூடக் காசு கட்டியிருக்காங்க.”

“நாமும் காசு கட்டித்தானே உள்ள வந்தோம்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

மொத்தம் 2 மணி 10 நிமிடம் நின்றோம். ரைடு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த இரண்டு நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் இருவரும் ஓடினோம். கழிப்பறை வாசல்வரை போயும் அவளால் முடியவில்லை. என் ஸ்வெட்டரை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். மாலைவரை இருப்பதாகத் திட்டமிட்டு வந்தவர்கள் மதியமே வெளியேறினோம். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. (அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதும்மா, வேற யாருக்கும் இப்படி ஆகக்கூடாது” என்றாள்.)

அன்றிரவு அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோஸ்டர் ரயிலில் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். சாதாரண வரிசையில் 700 பேர் நிற்கிறார்கள் என்றால், எல்லா இருக்கையும் அவர்களுக்கே கிடைக்கும்போது கடைசி ஆள் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவார். நான்கில் மூன்று பங்கு இருக்கை விரைவு வரிசைக்குப் போய்விட்டால் மிச்சம் மணிக்கு 360 இருக்கைதான். அதே கடைசி ஆள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். இத்தனைக்கும் வரிசையில் ஓர் ஆள்கூடக் கூடவில்லை, ரயிலும் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. விரைவு வரிசையால் பூங்காவில் ஒரு இருக்கைகூட அதிகமாகவில்லை. அது ஒருவருடைய காத்திருப்பை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிறது. விற்பது நீங்கள், அந்த விற்பனைக்கு நேரத்தைக் கொடுப்பது நாங்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. ஒவ்வொரு ரைடிலும் விரைவு வரிசைக்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அந்த வரம்பை, டிக்கெட் வாங்கும் முன்பே எங்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

இந்தத் தொழிலின் வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறந்தபோதே கூட்டம் தாங்கவில்லை. போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கூட்டம் என்பது அன்றிலிருந்தே இருக்கும் சிக்கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று பெரியவர்களுக்கு நுழைவு ஒரு டாலர். ரைடுகளுக்குத் தனிச் சீட்டு. அந்தச் சீட்டுப் புத்தக முறையை 1982-இல் எடுத்துவிட்டு, நுழைவோடு எல்லா ரைடும் அடங்கும் ஒரே டிக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பி வா, அதிகம் நிற்காமல் ஏறு என்ற ஏற்பாடு அது. நுழைவு டிக்கெட் வைத்திருந்த யாரும் கூடுதல் காசில்லாமல் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. அதுவும் ஒரு முந்தும் வரிசைதான் என்றாலும் முந்தும் வாய்ப்பு எல்லோருக்கும் இருந்தது. 2021-இல் அந்த இலவச முறைக்கு மூடுவிழா நடத்திவிட்டு, அந்த இடத்தில் கட்டண முறையை வைத்தார்கள்.

முன்பு நுழைவு மலிவு, ரைடுக்குத் தனிக் காசு. பிறகு நுழைவு விலை அதிகம், ரைடுக்குத் தனிக் காசு இல்லை. இரண்டுமே நேர்மையான வியாபாரம்தான். இன்று நுழைவுக்கும் பெரிய தொகை, ரைடில் சீக்கிரம் ஏறவும் தனித் தொகை. 2024 அக்டோபரில் அதே டிஸ்னிலாந்தின் உச்ச நாட்களுக்கான ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டியது. 1955-இன் ஒரு டாலர் விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்று சுமார் 12 டாலர்தான். அன்று ரைடுகள் தனி என்பதையும், இன்றைய ரைடுகள் அன்றைவிடப் பிரம்மாண்டமானவை என்பதையும் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி நிரம்பவில்லை. உலகெங்கும் பல பூங்காக்கள் இதே பாதையில்தான் நடக்கின்றன. நீங்களும் நடக்கிறீர்கள்.

விலையை ஏற்றினால் கூட்டம் குறையும் என்று நீங்கள் சொல்லக்கூடும். கூட்டமான நாளுக்கு அதிக விலை, காலியான நாளுக்குக் குறைந்த விலை என்ற முறை பல பூங்காக்களில் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அது உதவும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எந்தக் காலியான செவ்வாய்க்கிழமை வர முடியும்? எங்கள் விடுமுறையைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கிறது. அந்த நாளின் விலையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். யாருக்காக இந்தப் பூங்கா கட்டப்பட்டதோ அந்தக் குழந்தைகள் வரும் நாளில்தான் விலையும் உச்சம், நெரிசலும் உச்சம்.

பராமரிப்புச் செலவும் பணியாளர் சம்பளமும் ஏறுவதை அறியாதவள் அல்ல நான். பாதுகாப்பில் ஒரு பைசாகூடக் குறைக்க வேண்டாம். ஆனால் எங்கள் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை வாசலில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட வைத்தது எந்தப் பாதுகாப்புக்காக? அதே தண்ணீரை உள்ளே பல மடங்கு விலைக்கு வாங்கினோம். வண்டி நிறுத்தக் காசு, பை வைக்கும் லாக்கருக்குக் காசு, கோஸ்டர் எடுக்கும் படத்துக்குக் காசு. ஆப் இல்லாமல் எதையும் பதிவு செய்ய முடியவில்லை. முந்தைய தலைமுறை வெறும் கையோடு வந்து சுற்றிப் பார்த்த இடத்தில், இன்று விடியற்காலை எழுந்து போனைப் பார்த்து இடம்பிடிக்காத குடும்பம் பின்தங்கிவிடுகிறது. என் அம்மாவைப் போன்றவர்கள் பேரப்பிள்ளையைத் தனியாக அழைத்து வரவே முடியாது. அமெரிக்காவின் இண்டியானாவில் ஹாலிடே வேர்ல்டு என்ற பூங்கா 2000-ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானத்தை இலவசமாகத் தருகிறது. வண்டி நிறுத்தமும் இலவசம், வெயிலுக்குப் பூசும் க்ரீமும் இலவசம். அதே நாட்டில் பென்சில்வேனியாவின் க்னோபல்ஸ் பூங்காவில் நுழைவே இலவசம், ஏறும் ரைடுக்கு மட்டும் காசு. இரண்டும் தனியார் குடும்பங்கள் நடத்தும் பூங்காக்கள். அவையும் லாபத்துக்காகத்தான் நடக்கின்றன.

மன்னிக்கவும். கோபம் என்னை எங்கெங்கோ இழுத்துப் போய்விட்டது. தண்ணீரையும் லாக்கரையும் பற்றிப் பேச வேறொரு நாள் வரும். இன்று நான் கேட்க வந்தது ஒன்றுதான்: விரைவு வரிசைக்கு உச்சவரம்பு, அதை முன்கூட்டியே சொல்லும் வெளிப்படைத்தன்மை.

விரைவு வரிசையை அடியோடு எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருமானம் இல்லாவிட்டால் நுழைவுக் கட்டணம் இன்னும் ஏறும் என்று நீங்கள் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கத் தயார். ஒரே நாள் மட்டும் வர முடிந்தவர்களுக்கும், உடல்நலம் சரியில்லாதவர்களைக் கூட்டி வருபவர்களுக்கும் சீக்கிரம் ஏறுவது எவ்வளவு பெரிய உதவி என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது அளவு. டோக்கியோ டிஸ்னிலாந்தை நடத்தும் நிறுவனம் பெருந்தொற்றுக்குப் பிறகு, ஒரு நாளில் உள்ளே விடும் ஆட்களின் உச்ச எண்ணிக்கையை முன்பு இருந்ததைவிடக் குறைப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. அவ்வளவு பெரிய பூங்காவால் வாசலுக்கே ஒரு வரம்பு வைக்க முடியும்போது, உங்களால் ஒரு சங்கிலிக்கு வரம்பு வைக்க முடியாதா?

அதோடு சேர்த்து ஒரு சின்ன உதவியும் கேட்கிறேன். இதற்குப் பெரிய செலவு ஆகாது. வரிசையில் நிற்கும் குழந்தைக்கோ, முதியவருக்கோ, கர்ப்பிணிக்கோ கழிப்பறை போக வேண்டுமானால், நேரம் குறித்த ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, திரும்பி வந்ததும் அதே இடத்தில் சேரவிடுங்கள். சின்னக் குழந்தையோடு வரும் பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏற, இரண்டாம் முறை வரிசையில் நிற்காமல் உள்ளே விடும் வழக்கம் எத்தனையோ பூங்காக்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நடத்தத் தெரிந்த உங்களுக்கு இது கடினமில்லை. அன்று அந்தப் பையன் கையில் அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால், அவன் கட்டாயம் என் மகளுக்குக் கொடுத்திருப்பான்.

என் கோரிக்கையை மறுபடியும் பணிவோடு வைக்கிறேன். விரைவு வரிசைக்கு, ரைடின் இருக்கைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அந்த அளவை டிக்கெட் கவுண்டரிலும், ஆப்பிலும், ஒவ்வொரு ரைடின் முகப்பிலும் எழுதுங்கள். காத்திருக்கும் நேரம் என்று பலகையில் போடும் எண், சாதாரண வரிசையில் நிற்பவருக்கு உண்மையாக ஆகும் நேரமாக இருக்கட்டும். புதிய கட்டணம் நடைமுறைக்கு வரும் முன் இதற்கு ஒரு பதில் தாருங்கள்.

என் மகள் கோடு கிழித்து எண்ணிய வரைபடத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பதினொரு தடவை எண்ணியிருக்கிறாள். நேரமும் தேதியும் மேலே இருக்கின்றன, உங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரியில் மட்டும் எண்ணிக்கை பாதியில் நிற்கிறது. அப்போது எங்கள் முறை வந்துவிட்டது.

மரியாதையுடன்,
உங்கள் சாதாரண வரிசையில் நின்ற ஒரு தாய்