ரேனர்ஸ் லேனில் குடியேறப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அக்டோபர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து நேராக லண்டன் புறநகரான ரேனர்ஸ் லேனில் வந்து இறங்கப்போகிறீர்கள். வீடியோ காலில் தெருவைப் பார்த்துவிட்டு, "ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கே, எப்படிக்கா பொழுது போகும்?" என்று கேட்டாய். பொழுது போகும். ஆனால் தெருவுக்குப் பழகுவதற்கு முன்னால் வீட்டைப் படித்துக்கொள். லண்டன் புறநகரில் முதல் குளிர்காலம் பலருக்குக் கசந்துபோவது வீட்டால்தான்: குளிர், ஈரம், சுவரோரக் கரும்பூஞ்சை.

அந்த வட்டாரமே ரயில் போட்டு உண்டாக்கியது. 1906இல் நிலையம் வந்தபோது சுற்றிலும் வயல்தான். 1929 வாக்கில் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயைச் சேர்ந்த நிலக் கம்பெனியே 'ஹாரோ கார்டன் வில்லேஜ்' என்று மனை பிரித்து விற்க ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்குள் வயலெல்லாம் வீடாகிவிட்டது. அதனால்தான் தெருத் தெருவாக ஒரே சாயல்: இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், முன்பக்கம் வளைந்த ஜன்னல், மாடியில் இரண்டு பெரிய அறை, வாசலுக்கு மேலே ஒரு குட்டி அறை. நிலையத்துக்குப் பக்கத்தில் வித்தியாசமான முகப்போடு நிற்கிற ஜொராஸ்ட்ரிய (பார்சி மத) மையம் 1936இல் சினிமா தியேட்டராகக் கட்டியது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

உன் வீட்டுக்கும் வயது கிட்டத்தட்ட தொண்ணூறு. தரைத்தளம் மரப்பலகை, அதற்கடியில் வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில் துளை போட்ட செங்கற்கள் தெரியும். அவை வழியாகக் காற்று ஓடினால்தான் பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் உளுக்காமல் இருக்கும். குளிர் காற்று வருகிறதே என்று யாராவது சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் வீட்டு உரிமையாளரிடம் உடனே திறக்கச் சொல். பூந்தொட்டியோ மண்ணோ அவற்றை மூடக் கூடாது. சுவருக்குள் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஒரு படலம் இருக்கும். வெளித்தரை அதற்கு 15 செ.மீ. கீழேதான் இருக்க வேண்டும்.

உள்ளே வரும் ஈரத்தில் பெரும்பங்கு நாம் உண்டாக்குவது. ஒரு மெஷின் துணியை அறைக்குள் காயப்போட்டால் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கும். குளியல், சோறு வடிப்பது, இட்லிக் கொப்பரை எல்லாம் அதோடு சேரும். அந்த நீராவி வீட்டிலேயே குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் நீராகப் படியும். அந்தச் சுவர் பெரும்பாலும் வாசலுக்கு மேலேயுள்ள குட்டி அறையிலோ, வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குப் பின்னாலோ இருக்கும். நவம்பரில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் மூலையில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதனால் பீரோவை 5 செ.மீ. தள்ளியே வை. துணி காயப்போட ஓர் அறையை ஒதுக்கி, கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திற. முடிந்தால் ஈரம் உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று ஓடட்டும். குளித்த பிறகு கால் மணி நேரம் குளியலறைக் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓட வேண்டும். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி வை, 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் காட்டினால் போதும். பூஞ்சை மேல் பெயிண்ட் மட்டும் அடிக்காதே. பூஞ்சை கொல்லும் மருந்தால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் பெயிண்ட், இல்லாவிட்டால் அடுத்த மாதமே பெயிண்டைத் தாண்டி வரும்.

சூடு விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு, பகலெல்லாம் அணைத்துவிட்டுச் சாயங்காலம் முறுக்கி வைப்பது. சுவர் சூடாகவே நேரம் எடுக்கும், அதற்குள் நீராவி படிந்துவிடும். தெர்மோஸ்டாட்டை 18லிருந்து 20 டிகிரிக்குள் நிலையாக வை. சமையலறைச் சுவரில் தொங்குவது கோம்பி பாய்லர், குழாய் வெந்நீரும் வீட்டுச் சூடும் இரண்டும் அதிலிருந்துதான். அதன் முகத்தில் நீரழுத்தம் காட்டும் முள், பாய்லர் ஆறியிருக்கும்போது 1க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கிப்போனால் பாய்லர் நின்றுவிடும், வெந்நீரும் போச்சு, சூடும் போச்சு. நிறுத்தி, ஆறவிட்டு, அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட குழாயின் இரண்டு திருகையும் மெதுவாகத் திற. முள் 1.2க்கு வந்ததும் இரண்டையும் மூடு. ஒன்றை மூட மறந்தால் அழுத்தம் ஏறி, வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். வாராவாரம் இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது விரிவுக் கலம் (சூட்டில் விரியும் நீருக்கு இடம் தருவது) பழுது. கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவுள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், அவரிடம் அடையாள அட்டை கேட்கத் தயங்காதே. அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் ரேடியேட்டரின் மேல்பகுதி ஆறிக் கிடந்தால் உள்ளே காற்று. சூட்டை அணைத்துவிட்டு, சாவி போட்டுக் கால் சுற்று திருப்பி, சீறல் நின்று நீர் வந்ததும் மூடிவிடு. அடிப்பகுதி ஆறிக் கிடந்தால் சேறு, அது மெக்கானிக் வேலை. உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுக்குழாயில் நீர் உறைந்திருக்கும். அந்தக் குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்று. கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும்.

சமையலறையில் புகை அலாரம் இருந்தால் தாளிக்கிற ஒவ்வொரு முறையும் அலறும். பேட்டரியைக் கழற்றி வைக்காதே. சமையலறைக்கு வெப்ப அலாரம், கூடத்துக்கும் மாடிக்கும் புகை அலாரம் என்று மாற்றச் சொல். அடுப்புக்கு மேலேயுள்ள ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டியில் சுற்றித் திருப்பி விடுகிறதா என்று பார். இரண்டாவது வகையென்றால் மிளகாய் நெடி படுக்கையறை வரை போகும். தாளிக்கும்போது ஜன்னலைத் திற, கூடத்துக் கதவைச் சாத்து. எண்ணெயை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றாதே. குளிர்ந்த குழாயில் அது மெழுகாக உறையும். உன் கழிவுநீர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்துதான் ஓடும். நீ ஊற்றியது அவர்கள் குழாயில் அடைக்கும். பொதுக் குழாய் அடைத்தால் தண்ணீர்க் கம்பெனி வந்து எடுக்க வேண்டும், 2011 அக்டோபரிலிருந்து அது அவர்கள் பொறுப்பு. உன் வீட்டுக்கு மட்டுமான குழாய் என்றால் செலவு வீட்டு உரிமையாளருடையது.

அமைதிக்கு வருகிறேன். இந்த இரட்டை வீடுகளில் வாசலும் மாடிப்படியும் பெரும்பாலும் வெளிப்பக்கம். உன் கூடமும் பக்கத்து வீட்டுக் கூடமும் நடுச்சுவரில் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும். அந்தச் சுவரில் டிவியை மாட்டினால் வசனம்கூட அங்கே கேட்கும். மாவரைக்கும் கிரைண்டரை ரப்பர் விரிப்பின் மேல் வெளிப்பக்கச் சுவரோரம் வை, இரவு ஒன்பதுக்கு மேல் ஓட்டாதே. பிறந்தநாள், கொலு என்று ஆள் கூடப்போகிறது என்றால் ஒரு வாரம் முன்னால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒரு சீட்டு போடு: என்ன விசேஷம், எத்தனை மணிக்கு முடியும், உன் போன் நம்பர். பலகாரத்தோடு நேரில் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. வருகிறவர்கள் யார் வீட்டுக் கார் இறங்கும் சரிவையும் மறித்து நிறுத்தாமல் பார்த்துக்கொள். இங்கே மனக்கசப்பு சத்தத்தைவிடக் காரால்தான் அதிகம் வருகிறது.

யாரும் வந்து கதவைத் தட்டி விசாரிக்க மாட்டார்கள். பிடிக்காததால் அல்ல, தொந்தரவு செய்யக் கூடாதென்ற நினைப்பால். முதல் வாரத்திலேயே நீ போய்ப் பெயர் சொல்லிவிடு. உள்ளே கூப்பிடவில்லையே என்று வருந்தாதே, வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பேசினால் அதுதான் அறிமுகம். அதன்பிறகு உன் பார்சலை அவர்கள் வாங்கி வைப்பார்கள். தெருவில் ஆள் தெரிவது காலை எட்டரையிலிருந்து ஒன்பது வரை, மூன்றேகாலிலிருந்து நான்கு வரை, அதாவது பள்ளி நேரம். அந்த இரண்டு வேளையும் பாப்பாவோடு வெளியே இரு. வந்ததுமே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் நடை, பூங்கா, நூலகம் எல்லாவற்றையும் மதியத்துக்கு முன்னால் வை. ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், மாலை ஆறுக்குள் மூடிவிடும். தமிழ்க் கடைகள் நிலையத்தை ஒட்டிய கடைவீதியிலேயே உண்டு, கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம்.

குப்பைக்கு ஒரே விதி, கவுன்சில் (உள்ளாட்சி) தரும் குப்பை நாட்காட்டியை ஃபிரிட்ஜில் ஒட்டு. முந்தின இரவே தொட்டியை வெளியே வை. மறுசுழற்சித் தொட்டியில் ஒரு டயப்பர் கிடந்தாலும் முழுத் தொட்டியையும் எடுக்காமல் விட்டுவிடலாம். பையாக வெளியே வைத்தால் நரி கிழித்துவிடும்.

பாப்பாவுக்கு மார்ச்சில் நான்கு வயது முடிகிறது, செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது பள்ளியின் முதல் வருஷம். விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி 15. லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம், ஆறையும் எழுது. நீ எழுதிய வரிசையை எந்தப் பள்ளிக்கும் காட்ட மாட்டார்கள், அதனால் உனக்குப் பிடித்ததை முதலில் போடத் தயங்காதே. ஆனால் பல பள்ளிகள் தூரத்தை அளந்துதான் இடம் தருகின்றன. நடந்து போகிற தூரத்தில் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். பதில் ஏப்ரல் 16 வரும். அதுவரை மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேரம் இலவச நர்சரி உண்டு, பள்ளிப் பருவத்தில் 38 வாரம். வந்த கையோடு கேள். மற்ற அம்மாக்களை நீ சந்திக்கப்போவது அந்த வாசலில்தான்.

வந்த அன்று மீட்டர்களைப் படம் எடு, சிங்க்குக்கு அடியில் தண்ணீரை மொத்தமாக அடைக்கிற திருகைத் தேடிப் பிடி, அது இறுகியிருந்தால் அன்றே சொல். மிக்ஸியும் கிரைண்டரும் தாராளமாகக் கொண்டு வா. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

அன்புடன்,
அக்கா