படை அருங்காட்சியகங்களுக்குச் சக்கர நாற்காலியில் போக வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் படை வரலாறு மேட்டில்தான் இருக்கிறது. ஹூட் கோபுர அருங்காட்சியகம் கடற்படைத் தளத்துக்குள் ஒரு குன்றின் மேல். பிரெட்ரிக் கோட்டைக்கும் ஏறித்தான் போகவேண்டும். போரில் கால் இழந்தவர்கள் பலர் வாழும் மாவட்டம் இது. அவர்கள் வாசலோடு திரும்பக் கூடாது.

சாய்தளம் கட்டும்போது அளவில்தான் பிழை விடுகிறார்கள். 15 சென்ரிமீற்றர் படிக்கு 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். இடமில்லையென்று பாதியாகக் குறைத்தால், ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும். இறங்கும்போது ஆள் முன்னால் சரிவார். அப்படியான சரிவில் உதவிக்கு வருபவர் கீழ்ப்பக்கம் நின்று, நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகவே இறக்க வேண்டும். சாய்தளத்தின் மேல் முனையில், கதவுக்கு முன்னால், 150 சென்ரிமீற்றர் சமதளம் கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு கையால் கதவு, மறு கையால் சில்லு!

பீரங்கிகளைச் சுற்றி அழகுக்குக் கொட்டும் சரளைக்கல்லில் சிறிய முன்சில்லுகள் உடனே புதைந்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்தால் நகரும். ஒரு மீற்றர் அகலத்தில் கொங்கிறீற் பாதை போட்டால் இந்தப் பாடே இல்லை.

உயரமான மேசைப் பேழைகளில் தட்டையாகக் கிடத்திய வரைபடமோ வாளோ நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு எட்டாது; சற்றுச் சாய்த்து வைத்தால் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி விதிமுறைகள் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டன. போகுமுன் தொலைபேசியில் படிகளின் எண்ணிக்கை, கதவின் அகலம், கழிப்பறை வசதி ஆகிய மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு 80 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பல நாற்காலிகள் சிரமப்பட்டே நுழையும்.

வாசகர்கள்,
உப்புவெளி, திருகோணமலை