வேலை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மென்பொருள் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் நண்பர்களே,

அலுவலகங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வலைச் செயலி கட்டிக் கொடுப்பதுதான் என் தொழிலும். அந்த உரிமையில் எழுதுகிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படித்து வருகிற பிள்ளைகள் நல்ல செயலிகளை எழுதுகிறார்கள், அதில் எனக்குப் பெருமை. ஆனால் நேரம் பிடிக்கிற வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, அது எந்தளவில் நிற்கிறது என்று பாவிக்கிறவருக்குச் சொல்லாமல் விடுகிற பழக்கம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது.

படுவான்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலை எக்செல் கோப்பாக ஏற்ற வேண்டும். அங்கிருந்த தங்கச்சி பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடத்தில் 504, அதாவது பதில் நேரத்துக்கு வரவில்லை, என்று வெறும் திரை வந்தது. சேர்வரில் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பவும் அழுத்தினார். பல குடும்பங்களின் பெயர் இரண்டு தடவை ஏறிவிட்டது. பட்டியல் மறுபடி கிராம உத்தியோகத்தர்களிடம் சரிபார்க்கப் போனது. ஏச்சு வாங்கியது அந்தத் தங்கச்சி. செயலியை எழுதியவரை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் உண்டு. பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து பதில் வர, அதற்கு முன்னால் நிற்கும் வலைச் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், நாம் மாற்றாவிட்டால், 60 வினாடிதான் பொறுக்கும். ஆகவே கோப்பு வந்ததும் 202 (பெற்றுக்கொண்டோம், வேலை இன்னும் முடியவில்லை) என்று பதில் கொடுத்து, ஒரு வேலை எண்ணையும் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னணியில் செய்ய வேண்டும். இவ்வளவும் பலர் செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கைவிடுகிறார்கள்.

குருமண்வெளித் துறையில் நிற்கிற சனம், மண்டூர்ப் பக்கமிருந்து பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) வருவது கண்ணுக்குத் தெரிவதால் பொறுமையாக நிற்கிறது. திரைக்கு முன்னால் இருப்பவருக்கும் அப்படி ஏதாவது தெரிய வேண்டாமா?

பிஎச்பி மொழிக்கான லாராவெலில் வேலைகளை பேட்ச்சாக, அதாவது ஒரு தொகுதியாகப் போட்டால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று அதுவே சொல்லும். பைதனில் பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியிலும் வேலைக்குள்ளிருந்தே நிலையை எழுதலாம். ஆனால் ஒன்று, இல்லாத வேலை எண்ணைக் கேட்டாலும் செலரி 'பென்டிங்' (நிலுவையில்) என்றுதான் பதில் சொல்லும். அதை நம்பித் திரையில் 'காத்திருக்கவும்' என்று போட்டால், அந்த மனிதர் பொழுதுபடும் வரை காத்திருப்பார். நிலையை நம் சொந்தத் தரவுத்தள அட்டவணையில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

அந்த அட்டவணையிலும் ஒரு பொறி இருக்கிறது. முழுக் கோப்பையும், எல்லாம் சேர்ந்தே பதிவாகிற ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஏற்றி, முன்னேற்றத்தையும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதினால், கொமிட் ஆகி முடிவாகப் பதியும் வரை வெளியில் எதுவும் தெரியாது. நிரல் சரியாக ஓடும், திரையிலுள்ள முன்னேற்றப் பட்டை மட்டும் பூச்சியத்திலேயே நின்று கடைசியில் ஒரேயடியாக நூறுக்குப் பாயும். முன்னேற்றத்தை வேறொரு இணைப்பில் எழுதுங்கள், அல்லது நினைவகத்தில் தரவை வைக்கிற ரெடிஸில் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எழுதத் தேவையில்லை, நூறு வரிக்கு ஒரு தடவை போதும்.

திரையில் வெறும் சதவீதத்தை விட '1,200 இல் 600 குடும்பங்கள் ஏறிவிட்டன' என்பது நம்பிக்கை தரும். மொத்தம் எத்தனை என்று தெரியாவிட்டால் எண்ணைக் கற்பனை பண்ண வேண்டாம். எச்டிஎம்எல்லின் புரோகிரஸ் பட்டைக்கு மதிப்புக் கொடுக்காமல் விட்டால், அளவு தெரியாத வேலை என்று அதுவே காட்டும். 99 இல் பத்து நிமிடம் நிற்கிற பட்டை பொய் சொல்கிறது. கடைசியாக எப்போது நகர்ந்தது என்ற நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். பின்னணி வேலையைச் செய்கிற வேர்க்கர் நிரல் செத்துப்போனால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

பிழை வந்தால் எந்த வரியில் என்று சொல்லுங்கள். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கத்தை எக்செல் பல தடவை சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வி (வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கினால் இலக்கம் போய்விடும். '37ஆம் வரியில் அடையாள அட்டை இலக்கம் பிழை' என்று தமிழில் வந்தால் அவரே திருத்திவிடுவார்.

வாகரையிலும் பொத்துவிலிலும் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே சேர்வரோடு எப்போதும் திறந்திருக்கும் வெப்சொக்கெட் இணைப்பு கட்டாயமில்லை. மூன்று வினாடிக்கு ஒருமுறை சேர்வரைக் கேட்டாலே போதும். ஆனால் வேலை எண் பக்கத்தின் முகவரியிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் கணினி நின்றுபோனாலும் கைபேசியில் பார்க்க முடியும்.

அடுத்த செயலியைக் கையளிக்கப் போகும்போது, அதைப் பாவிக்கப் போகிறவரின் பக்கத்தில் இருங்கள். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றச் சொல்லி, பாதியில் பிரவுசரை மூடச் சொல்லுங்கள். திரும்பத் திறந்ததும் தன் வேலை எங்கே நிற்கிறது என்று அவருக்கு உங்களைக் கேட்காமல் தெரியவில்லையென்றால், தயவுசெய்து அன்றைக்குக் கையளிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து உங்கள் சக தொழிலாளி