தியேட்டர் இருக்கிறது, சேர்ஜன் இல்லை

சத்திரசிகிச்சை நிபுணர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும் நியமிப்பவர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் ஆளணிக் குறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே சென்ற மாதம் ஓர் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அக்காவின் மகனுக்கு 14 வயது. பின்னேரம் தொப்புளைச் சுற்றி வலித்தது, இரவு வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. பக்கத்து வைத்தியசாலையில் கடமையில் இருந்த இளம் வைத்தியர் தொட்டுப் பார்த்ததுமே, "குடல்வால் அழற்சி போல இருக்கு அக்கா, உடனே ஒப்பரேஷன் செய்யவேணும்" என்றார். தியேட்டர் இருந்தது. மயக்கமருந்து கொடுக்கவும் ஆள் இருந்தார். ஒரேயொரு சேர்ஜன் லீவில். பதிலுக்கு எவரும் இல்லை.

அம்புலன்ஸில் வேறு மாவட்டத்துக்கு இரண்டரை மணி நேரம். பாதி வழியில் பிள்ளை, "மாமா, இப்ப நோகல்ல" என்றான். அக்கா கடவுளைக் கும்பிட்டாள். கூட வந்த தாதியின் முகம் மாறியதை நான் கண்டேன். குடல்வால் வெடித்தால் சற்று நேரம் வலி தணியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சீழ் வயிறெங்கும் பரவி, மூன்று வாரம் கட்டிலில் கிடந்து, பிழைத்தான்.

லீவில் போன சேர்ஜன்மேல் எனக்குக் கோபமில்லை. மாதம் முழுக்க இரவும் பகலும் அழைப்புக்கு நின்றவர் அவர் ஒருவர்தான். அவரைத் தனியே நிற்க விட்டவர்கள்மேல்தான் கோபம். தயவுசெய்து இரண்டாவது நிபுணரைத் தாருங்கள்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, இனி நோயாளியோடு படகுத்துறையில் காத்திருக்கத் தேவையில்லை என்று எவ்வளவு மகிழ்ந்தோம்! பாதை வந்தது, சரி. பாதையின் முடிவில் கத்தி பிடிக்க ஆள் வேண்டுமே.

ஒரு சேர்ஜன் உருவாக எத்தனை வருடம் என்பதும் அறிவேன். மருத்துவப் படிப்பு ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு எம்.டி. என்னும் நிபுணத்துவப் பட்டம், அதன்பின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். இருப்பவர்களையாவது பகிருங்கள். எம்.டி. முடித்தவர்கள் பயிற்சிக் காலத்தில் சில மாதங்கள் எங்கள் மாவட்டத்தில் வேலை செய்யட்டும். இங்கே வேலைக்கும் குறைவில்லை, கற்பதற்கும் குறைவில்லை.

அப்புறம், அன்றிரவு அக்கா கையெழுத்திட்ட சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்லத் தொடங்கியது 1987 இல். மகனின் வயிற்றை வெட்டச் சம்மதிக்கும் தாய்க்கு அந்தத் தாளை வாசிக்கவாவது முடியவேண்டாமா?

மன்னியுங்கள், கேட்க வந்தது இதுவல்ல. அடுத்த இடமாற்றப் பட்டியலில் அந்த வைத்தியசாலைக்கு நேரே இரண்டு பெயர் இருக்கட்டும். பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் மாமா